கணனியில் 'அப்டேட்' ஃபோல்டர்: வைப்பதா, அழிப்பதா?



வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைக் கடைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் பாவித்த லெப்டொப் ஒன்றை வாங்கி, தம்பி தங்கச்சியின் படிப்புக்கென்று லயத்துக்கு அனுப்புவதை நாம் காண்கிறோம். கொஞ்ச நாளில் திரையில் "இடம் போதாது" என்று வரும். உடனே கொழும்புக்கு ஃபோன் போகும். "அண்ணே, சி ட்ரைவ் ஃபுல் ஆயிருச்சு, என்னா செய்ய?" "அந்த அப்டேட் ஃபோல்டர எல்லாம் அழிச்சிரு" என்று பதில் வரும். இந்தப் பதிலில் பாதி சரி, பாதி ஆபத்து.

முதலில் அப்டேட் என்றால் என்ன? கூரைத் தகரத்தில் ஓட்டை விழுந்தால் மழைக்கு முன்னே அடைக்கிறோம் அல்லவா? விண்டோஸிலும் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுகின்றன. மைக்ரோசொஃப்ட் கம்பனி மாதாமாதம் அதை அடைக்க அனுப்புவதுதான் அப்டேட். அது வந்து இறங்கும் ஃபோல்டரின் பெயர் 'சொஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன்'. அதற்குள்ளே 'டவுன்லோட்' என்று இன்னொன்று இருக்கும். அப்டேட் ஏறி முடிந்த பிறகு அதில் மிஞ்சுவது வெறும் பொதிதான், அழிக்கலாம். ஆனால் ஏறாத அப்டேட்டை அழித்தால் கணனி திரும்பவும் அதையே இறக்கும். ரீலோட் போட்ட காசுதான் கரையும்!

'விண்டோஸ் ஓல்ட்' என்பது வேறு. பெரிய மாற்றம் ஒன்று ஏறும்போது பழைய விண்டோஸை அப்படியே ஒதுக்கி வைக்கும் ஃபோல்டர் அது. பல ஜிபி பிடிக்கும். புதியது சரிவராவிட்டால் திரும்பிப் போக 10 நாள் தவணை உண்டு. அதன் பின் தானாகவே அழிந்துவிடும். சிலவேளை பிள்ளையின் பழைய படங்களும் பாடக் குறிப்புகளும் அதற்குள்தான் கிடக்கும். ஆகவே முதலில் திறந்து பாருங்கள்.

மூன்றாவதில் கையே வைக்கக் கூடாது. அதன் பெயர் 'வின்எஸ்எக்ஸ்எஸ்'. பார்த்தால் மிகப் பெரிதாகத் தெரியும், பலருக்கும் அழிக்க ஆசை வருவது இதைத்தான். உண்மையில் அவ்வளவு பெரிதல்ல. ஒரே பிள்ளையின் பெயர் பிள்ளைக் காப்பகத்து இடாப்பிலும் கிளினிக் இடாப்பிலும் இருந்தால் இரண்டு பிள்ளை ஆகுமா? அதேபோல ஒரே கோப்பு இரண்டு இடத்தில் எண்ணப்படுகிறது. இதை அழித்தால் கணனி எழும்பாமலே போகலாம்.

எதையும் நேரே அழிக்காமல், 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'ஸ்டோரேஜ்', 'டெம்பரரி ஃபைல்ஸ்' என்று போனால் கணனியே எதை நீக்கலாம் என்று பட்டியல் காட்டும். 'விண்டோஸ் அப்டேட் கிளீனப்' என்பதில் சரி அடையாளம் போடுங்கள். அதே பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒன்று இருக்கும். அது நீங்கள் இறக்கி வைத்த பாஸ்ட் பேப்பர், ரிசல்ட் ஷீட் எல்லாம் உள்ள இடம். அதில் அடையாளம் விழுந்தால் எல்லாம் போய்விடும்.

இன்னும் மோசமான ஒரு பழக்கம், இடம் மிச்சம், டேட்டா மிச்சம் என்று அப்டேட்டையே நிறுத்தி வைப்பது. சில கடைகளில் விற்கும்போதே அப்படித்தான் கொடுக்கிறார்கள். இதனால் என்ன வரும் என்பதற்கு அரசாங்கமே உதாரணம். 2023ஆம் ஆண்டு லங்கா அரச மேகம் என்ற சேவையை, தகவல்களைப் பூட்டிவைத்துக் கப்பம் கேட்கும் வைரஸ் தாக்கியது. சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தகவல்கள் போய்விட்டன. அமைச்சரவை அலுவலகமும் இதில் அடக்கம். அந்த மின்னஞ்சல் சேவை 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பதிப்புக்கு மைக்ரோசொஃப்ட் உதவி 2023 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. புதுப்பிக்கப் போட்ட திட்டம் பணமில்லாமல் தள்ளிப்போயிருந்தது. அந்தக் காலத்துக்கு வேறாக எடுத்து வைத்த பிரதியும் இல்லை. பெரிய அலுவலகத்துக்கே இந்தக் கதி என்றால், லயத்து அறையில் இருக்கும் ஒரே லெப்டொப்பை யார் மீட்டுத் தருவார்?

ஆகவே 'விண்டோஸ் அப்டேட்' பக்கத்தைத் திறந்து பாருங்கள். 'ரெசியூம் அப்டேட்ஸ்' என்ற பொத்தான் தெரிந்தால் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், அதை அழுத்துங்கள். டேட்டா செலவுக்கு வழி உண்டு. ஃபோனிலிருந்து எடுக்கும் இணைப்பை 'மீட்டர்ட் கனெக்ஷன்' என்று குறித்தால் பெரிய அப்டேட்கள் பெரும்பாலும் கேட்காமல் இறங்காது. தீபாவளிக்கு வரும் அண்ணன் திரும்பிப் போகும்போது லெப்டொப்பைக் கொண்டுபோய், வைஃபை உள்ள இடத்தில் ஏற்றி அனுப்பலாம்.

வாங்கும் முன்னே ஒன்று கேட்கச் சொல்லுங்கள்: "இதுக்கு விண்டோஸ் 11 ஏறுமா?" விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றுவிட்டது. ஏறாத மெஷினை விலை மலிவு என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள்.