மல்பெரி நாற்றின் வேர் வழியில் காயலாமா?

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில் ஏரியூர், நெருப்பூர், நாகமரை, பெரும்பாலைப் பகுதி விவசாயிகளுக்குக் காவிரி தொலைவில் இல்லை. மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு நாகமரை வரை வந்து நிற்கிறது. ஆனால் மேட்டுச் செம்மண் காடுகளுக்கு மழையும் கிணறும்தான் கதி. இத்தகைய நிலத்தில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் மல்பெரி (முசுக்கொட்டை) வைத்துப் பட்டுப்புழு வளர்ப்பது கைகொடுக்கும் தொழில். கூடு விற்கத் தருமபுரியிலேயே அரசு பட்டுக்கூடு அங்காடி இருக்கிறது.

நட்டு ஒரு மாதம் ஆனதும், "மண் ஒத்துக்கொள்ளவில்லை, ரகம் சரியில்லை, நாற்று பட்டுப்போய்விட்டது" என்ற முறையீடு வருவது வழக்கம். பெரும்பாலும் குற்றம் மண்ணிலும் இல்லை, ரகத்திலும் இல்லை. நாற்றங்காலில் பிடுங்கியது முதல் குழியில் வைக்கும் வரை கழியும் சில மணி நேரத்திலேயே நாற்றின் உயிர் போய்விடுகிறது. அது வெளியே தெரியத்தான் ஒரு மாதம் ஆகிறது.

மூன்றடிக்கு மூன்றடி இடைவெளியில் ஏக்கருக்கு 4,840 நாற்று பிடிக்கும். பத்தில் மூன்று பட்டுப்போனால் 1,450 குழிகள் காலி. நாற்றின் விலை மட்டும் நட்டமல்ல. ஆறு மாதம் கழித்துப் போக்கிடம் நட்டால், வளர்ந்த செடிகளின் நிழலில் இளஞ்செடி எழும்பாது. அந்தக் காலியிடம் ஆண்டுக்கணக்கில் தழையைக் குறைக்கும். புழு வளர்ப்பு மனைக்குக் கடன் வாங்கியவருக்கு இது பெரிய அடி.

மல்பெரி நாற்று பைக்கன்று போல மண்ணோடு வருவதில்லை. மண் உதிர்ந்த வெறும் வேரோடு கட்டாக வருகிறது. இம்முறை நமக்குப் புதிதன்று. கடலூர், விழுப்புரம் கரையோரங்களில் சவுக்கு நாற்றை இப்படித்தான் பிடுங்கி நடுகிறார்கள். தேக்கை வேரும் தண்டும் நறுக்கிய நாற்றுக்குச்சியாகவே நடலாம். குளிர் நாடுகளில் ஆப்பிள் முதலிய மரக்கன்றுகளைப் பனிக்காலத்தில் இலை உதிர்ந்து உறங்கும்போது வெறும் வேரோடு எடுத்து நடுவர். நம் மல்பெரிக்கு அப்படிப்பட்ட உறக்கம் கிடையாது. பிடுங்கிய பிறகும் இலை நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும். நீரை உறிஞ்ச வேண்டிய மெல்லிய வேர்த்தூவிகளோ பிடுங்கும்போதே அறுந்துவிட்டன. வரவு நின்றுவிட்டது, செலவு நிற்கவில்லை. ஆகவே அந்தச் செலவை நாம்தான் நிறுத்த வேண்டும். பிடுங்கியவுடன் இலைகளை உருவிவிட்டு, நுனித்தண்டையும் வெட்டி, ஒரு அடி ஒன்றரை அடித் தண்டோடு விடவும்.

நாற்று வாங்குமுன் குழி தயாராக இருக்க வேண்டும். நாற்று வந்து இறங்கிய பின் குழி வெட்டுகிறவர் பாதி நாற்றை இழந்தவர் என்றே கொள்ளலாம். மானாவாரியில் நீளம், அகலம், ஆழம் மூன்றும் 35 செ.மீ. இருக்கக் குழி எடுத்து, மேல்மண்ணைத் தனியே வைத்து, மக்கிய தொழு உரத்தோடு கலந்து கொள்ளவும். ஏக்கருக்கு 4 டன் தொழு உரம் வேண்டும். இறவையில் 8 டன். கரையான் மிகுந்த செம்மண்ணில் குழிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு சேர்ப்பது நல்லது. மக்காத சாணத்தை இடாதீர்கள். கரையானை விருந்துக்கு அழைப்பதாகும். ரசாயன உரத்தையும் குழியில் போட வேண்டாம். நட்டு இரண்டு மாதம் கழித்து இட்டால் போதும்.

ரகத்தைப் பொறுத்தவரை, தண்ணீர் உள்ளவர்கள் மைசூர் மத்தியப் பட்டு ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய வி-1 ரகத்தையும், செம்மண் மானாவாரியில் எஸ்-13 ரகத்தையும் நடலாம்.

மூன்று முதல் நான்கு மாத வயதுடைய நாற்றே ஏற்றது. பிடுங்குவதற்கு முந்தின நாள் நாற்றங்காலுக்கு நன்றாகத் தண்ணீர் கட்டச் சொல்லுங்கள். தண்டைப் பிடித்து இழுக்காமல் மண்வெட்டியால் நெம்பி எடுக்க வேண்டும். வெறும் வேரோடு வாங்குவதில் ஒரு நன்மை உண்டு: பைக்கன்றில் வேர் மறைந்திருக்கும், இதில் கண்ணால் பார்த்து வாங்கலாம். வேரில் மணிமணியாக முடிச்சு இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. அந்த நாற்றை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். காட்டுக்குள் புகுந்த நூற்புழுவை வெளியேற்றுவது எளிதன்று.

ஐம்பது ஐம்பதாகக் கட்டி, வேர்ப்பகுதியை நனைத்த சாக்கில் சுற்றவும். வண்டியில் ஏற்றினால் மேலே தார்ப்பாய் மூட வேண்டும். வெயிலைவிட ஓடும் வண்டியின் காற்று வேரை விரைவாகக் காயவைக்கும். மாலையில் ஏற்றி இரவில் கொண்டு வருவது உத்தமம். அன்றே நட முடியாவிட்டால், நிழலில் ஒரு சிறு வாய்க்கால் வெட்டி, நாற்றுகளைச் சாய்த்து அடுக்கி, வேரை ஈரமண்ணால் மூடி வைக்கலாம். தொட்டித் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடுவது தவறு. வேர் மூச்சுத் திணறி அழுகும். நடுமுன் ஒரு மணி நேரம் நனைத்தால் போதும்.

நடும் நேரத்தில் நைந்த வேர்களைக் கூரிய கத்தியால் சீராக நறுக்கிவிடவும். செம்மண்ணும் சாணமும் கரைத்த குழம்பில் அசோஸ்பைரில்லம் கலந்து அதில் வேரைத் தோய்த்து எடுக்கவும். குழியில் வேர் மடங்கக் கூடாது. நாற்றங்காலில் இருந்த ஆழத்திலேயே நிறுத்தி, பாதி மண் தள்ளியதும் நாற்றை இலேசாக மேலே தூக்கிவிட்டால் வேர் நேராகும். பிறகு மண் நிரப்பிக் குதிகாலால் மிதித்து இறுக்க வேண்டும். வேரைச் சுற்றிக் காற்று நின்றால் புதுவேர் பிடிக்காது.

மானாவாரியில் ஆவணி, புரட்டாசி மழையில் நடுவது நல்லது. மழை வரும் என்று நம்பி முதல் தண்ணீரை விட்டுவிடாதீர்கள். நட்ட மாலையே குழிக்கு ஒரு குடம் ஊற்றி, மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர் விடவும். சோளத்தட்டையோ காய்ந்த புல்லோ பரப்பினால் ஈரம் நிற்கும்.

இரண்டு வாரத்தில் துளிர் தெரியும். பிழைத்துவிட்டது என்று அதற்குள் கணக்கு எழுத வேண்டாம். தண்டில் சேமித்திருந்த உணவைக் கொண்டே முதல் துளிர் வந்துவிடும். கீழே வேர் பிடிக்காவிட்டால் அது வாடிச் சுருளும். ஐயமிருந்தால் தண்டின் பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள். பச்சையாக இருந்தால் உயிர் உண்டு. பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே கீறிப் பார்த்து, அடிவரை பழுப்பானால் பிடுங்கி எறியலாம். நூற்றுக்குப் பத்து நாற்று கூடுதலாக வாங்கிக் கிணற்றடியில் நெருக்கமாக நட்டு வைத்தால், முதல் மாதத்திலேயே போக்கிடம் நிரப்ப உதவும்.

முதல் ஐந்தாறு மாதம் தழை ஒடிக்கக் கூடாது. வெள்ளாட்டுக்கு மல்பெரி என்றால் உயிர். நான்கு பக்கமும் முள்வேலி கட்டாயம். ஆறாம் மாதம் தரையிலிருந்து ஒரு அடி விட்டு மட்டமாக வெட்டி, அதன் பின் எழும் தழையைப் புழுவுக்குக் கணக்கிடவும்.