ஒரே பெட்டியில் இரு அலைவரிசைகள்

வானொலியைக் கேட்போர் கோடிக்கணக்கானோர். தாமே அலைபரப்பிப் பிறருடன் பேசுவோர் மிகச் சிலரே. மத்திய அரசின் உரிமம் பெற்று இவ்வாறு பேசுவோரை 'ஹாம்' என்பர். இத்துறையில் நாட்டம் கொண்ட மாணவ நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்கும் வினா இது: "சிற்றலைக் கருவி வாங்கும்போது வி.எச்.எப். அலைவரிசையும் அதிலேயே சேர்ந்திருந்தால் நல்லதல்லவா?" அதற்கான விடையை இங்கே ஆராய விழைகிறேன்.

இரு அலைகளின் இயல்பு

3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை சிற்றலை. 30 முதல் 300 வரை வி.எச்.எப். சிற்றலை வானிலுள்ள அயனி மண்டலத்தில் வளைந்து மீண்டும் மண்ணுக்குத் திரும்புவதால் கடல் கடந்தும் செல்லும். 144 மெகாஹெர்ட்ஸ் அலையோ அம்மண்டலத்தைத் துளைத்துக்கொண்டு போய்விடும். ஆகவே அது ஏறத்தாழப் பார்வை எட்டும் தொலைவுக்கே பயன்படும். சமநிலத்தில் 9 மீட்டர் உயரமுள்ள இரு ஏரியல்களுக்கிடையே சுமார் 25 கிலோமீட்டர் எட்டும்.

சேர்ப்பதன் நன்மை

பெட்டி ஒன்று, மின்வழங்கி ஒன்று, மைக் ஒன்று என்பதால் பயணம் செய்வோருக்கு இது பெரும் வசதி. 1995-இல் ஐகாம் நிறுவனம் வெளியிட்ட ஐசி-706, காரில் பொருத்தக்கூடிய சிறு பெட்டியில் சிற்றலை, 50, 144 ஆகிய மூன்றையும் அடக்கியது. ஆயினும் சிற்றலையில் 100 வாட் தந்த அக்கருவி 144-இல் 10 வாட்டே தந்தது.

சேர்ப்பதன் விலை

முதலாவது, இரைச்சல். சிற்றலையில் மின்னல் முதலியவற்றால் வெளியிலிருந்தே பேரிரைச்சல் வருகிறது; கருவியின் சொந்த இரைச்சல் அதில் மறைந்துவிடும். 144-இல் வெளி இரைச்சல் குறைவு. அங்கே கருவியின் சொந்த இரைச்சலே மெல்லிய குரலை விழுங்கும். எனவே இரைச்சல் குறைந்த முன்பெருக்கி வேண்டும். அதையே சிற்றலைக்கும் வைத்தால், வலிமைமிக்க நிலையங்கள் அதைத் திணறடிக்கும். ஆகவே இரண்டுக்கும் தனித்தனிச் சுற்றுகள் தேவையாகின்றன.

இரண்டாவது, நிலைப்பு. படிகம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் 14 மெகாஹெர்ட்ஸில் 14 ஹெர்ட்ஸ் விலகும். 144-இல் 144 ஹெர்ட்ஸ் விலகும். பேச்சின் தொனியே மாறிவிடும்.

மூன்றாவது, கேபிள். ஆர்.ஜி.-58 என்னும் மெல்லிய கேபிளில் 30 மீட்டர் ஓடினால், 7 மெகாஹெர்ட்ஸில் முக்கால் பங்கு ஆற்றல் ஏரியலை அடையும். 144-இல் கால் பங்கே அடையும். ஏரியலும் வேறு, கேபிளும் வேறு என்றால், பெட்டி ஒன்றாக இருப்பதால் மிச்சமாவது நாம் எண்ணுமளவு இல்லை.

50 மெகாஹெர்ட்ஸின் கதை வேறு. அது சிற்றலையின் எல்லையை ஒட்டியிருப்பதால் அதே சுற்றுகளை நீட்டிச் சேர்க்க இயலும். 2016-இல் வந்த ஐசி-7300-இல் 50 உண்டு, 144 இல்லை.

சிற்றலைக் கருவி மட்டும் உடையோருக்கு 'டிரான்ஸ்வெர்ட்டர்' என்னும் வழியும் உண்டு. கருவியின் 28 மெகாஹெர்ட்ஸுடன் 116-ஐக் கலந்தால் 144 கிடைக்கும்.

முடிவு

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தாக்கியபோது அந்தமானில் இருந்த ஹாம்கள் சிற்றலை வழியே தாய்நிலத்துக்குச் செய்தி அனுப்பினர். ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அக்கடலைக் கடக்க 144-ஐ நம்பியிருக்க இயலாது. ஆனால் மீட்புக் குழுக்கள் ஊருக்குள் தமக்குள் பேசிக்கொள்ள வி.எச்.எப். கைக்கருவியே ஏற்றது. பேரிடரில் இவ்விரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும். கூட்டுக் கருவிகளில் பெரும்பாலானவை ஒரு நேரத்தில் ஓர் அலைவரிசையையே கேட்கும். தொலைவிலுள்ள நிலையத்துடன் பேசிக்கொண்டிருக்கையில் அடுத்த தெருவிலிருந்து வரும் அபயக்குரல் காதில் விழாது. பெட்டி பழுதானாலோ இரண்டும் ஒருங்கே போய்விடும்.

ஆகவே தனியாகப் பயணம் செய்வோர் கூட்டுக் கருவியை வாங்கட்டும். கல்லூரி மன்றம் போன்ற நிலையங்களுக்கு, 50 வரை செல்லும் எளிய சிற்றலைக் கருவி ஒன்றும், தனி வி.எச்.எப். கருவி ஒன்றுமே தக்கவை என்பது என் துணிபு. கருவியில் எத்தனை அலைவரிசை உண்டு என்று பார்ப்பதைவிட, ஒரே வேளையில் எத்தனை குரல்களுக்குச் செவி கொடுக்க வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதே அறிவுடைமை.