வெள்ளி இரவு என்றால் எந்த இரவு?



"வெள்ளி இரவு நிக்காஹ், குடும்பத்தோடு வந்துவிடுங்கள்" என்று பெரியவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்திருந்தார். வெளியூர் உறவினர்கள் வெள்ளிக்கிழமை மாலை காஞ்சிபுரம் வந்து இறங்கினார்கள். நிக்காஹ் முந்தைய நாள் மாலையே முடிந்திருந்தது. அழைத்தவர் சொன்னதும் சரி, வந்தவர்கள் புரிந்துகொண்டதும் சரி. மனக்கசப்பு மட்டும் மிஞ்சியது.

மார்க்கக் கணக்கில் நாள் மஃரிபில் தொடங்குகிறது. ஆகவே வியாழன் அன்று சூரியன் மறைந்ததும் வருவதுதான் வெள்ளி இரவு. உருது பேசும் நம் வீடுகளில் வியாழக்கிழமைக்குப் பெயரே ஜுமேராத், அதாவது ஜும்ஆவின் இரவு. ரமலான் 27ஆம் இரவும் 26ஆம் நோன்பைத் திறந்த பிறகு வருவதே. பஞ்சாங்கம் பார்க்கும் அண்டை வீட்டாருக்கோ நாள் சூரிய உதயத்தில் பிறக்கிறது. ரயில் டிக்கெட்டில் தேதி மாறுவது நள்ளிரவு 12 மணிக்கு. வெள்ளிக்கிழமை தேதியிட்ட 12.20 வண்டியைப் பிடிக்க வியாழன் இரவே நிலையத்தில் இருக்க வேண்டும். இந்த ஓர் இடத்தில் ரயில்வே நம் கணக்குக்கு வந்துவிடுகிறது!

இரவு மட்டுமல்ல, பகலிலும் குழப்பம் உண்டு. புதன்கிழமை நின்றுகொண்டு "அடுத்த வெள்ளி" என்றால் இரண்டு நாளா, ஒன்பது நாளா? வெள்ளிக்கு வெள்ளி எட்டு நாள் என்று எண்ணுவோரும் உண்டு, ஏழு என்போரும் உண்டு. உருதில் 'கல்' என்பது நேற்றும்தான், நாளையும்தான். வாக்கியத்தின் முடிவைக் கேட்டால்தான் தெரியும்.

விருந்து தவறினால் இன்னொரு நாள் சாப்பிடலாம். கொடுக்கல் வாங்கலில் அப்படி முடியாது. "அடுத்த வாரம் தருகிறேன்" என்று கைமாற்று வாங்கியவர் ஞாயிற்றுக்கிழமையை நினைத்திருப்பார்; கொடுத்தவர் திங்கள் காலையே வாசலில் நிற்பார். அல் பகரா 282ஆம் வசனம், குறிப்பிட்ட தவணைக்குக் கடன் கொடுத்து வாங்கினால் எழுதிக்கொள்ளச் சொல்கிறது. மதீனாவில் மக்கள் பழங்களுக்கு ஓரிரு ஆண்டுகள் முன்பே பணம் கொடுத்து வந்தார்கள். அளவும் எடையும் தவணையும் தெரிந்திருக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் அதற்கு வரம்பு வைத்ததை இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). "அறுவடை வரை" என்ற தவணையைக்கூட ஹனஃபி, ஷாஃபிஈ அறிஞர்கள் ஏற்கவில்லை. அறுவடை முந்தலாம், பிந்தலாம். மாலிக்கி மத்ஹபில் அதற்கு அனுமதி உண்டு. கல்யாணப் பட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு "பதினைந்து நாளில்" என்ற சொல்லோடு திரும்பும் நாம் இதை யோசிக்க வேண்டும். ரசீதில் தேதி கேட்டு வாங்குங்கள்.

"இன்ஷா அல்லாஹ்" சொல்வதையும் இங்கே குறிப்பிட வேண்டும். நாளை செய்வேன் என்னும்போது அதைச் சேர்த்துச் சொல்லும்படி அல் கஹ்ஃப் 23, 24 வசனங்கள் கற்றுத் தருகின்றன. தேதி சொல்லாமல் நழுவ அதைப் பயன்படுத்துவது வேறு விஷயம். பத்திரிகை அடிக்கும்போது "வியாழன் மாலை (வெள்ளி இரவு), மஃரிப் தொழுகைக்குப் பின்" என்று தேதியோடு போடுங்கள். இன்ஷா அல்லாஹ்வும் போடுங்கள்.