கூரையில் ஒரு முதலீடு

‘கூரையில் சூரியத் தகடுகளைப் பொருத்துங்கள், மின்கட்டணக் கவலையை மறந்துவிடுங்கள்’ என விளம்பரங்கள் கூறுகின்றன. ஆண்டு முழுவதும் வெயில் காயும் மலேசியாவில் இக்கூற்று எளிதில் நம்பத்தக்கதாகவே தோன்றுகிறது. ஆனால், தகடுகளை வாங்கக் குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பு தேவைப்படலாம். போட்ட பணம் திரும்பி வருமா? வெயிலை மட்டும் பார்த்து இதற்கு விடை கூற இயலாது. மின்கட்டண ரசீதையும் பார்க்க வேண்டும்.

ஒரு கிலோவாட் மணி மின்சாரம் ஓர் அலகு எனப்படும். ஒரு கிலோவாட் திறன்கொண்ட தகடுகள் தீபகற்ப மலேசியாவில் மாதம் ஏறக்குறைய 100 அலகு மின்சாரத்தைத் தருகின்றன. எனவே, 4 கிலோவாட் திறன்கொண்ட அமைப்பிலிருந்து மாதம் சுமார் 400 அலகு கிடைக்கும்.

தகடுகள் நண்பகலில் மிகுதியாக மின்சாரம் தருகின்றன. அந்நேரத்தில் பெற்றோர் வேலையிலும் பிள்ளைகள் பள்ளியிலும் இருப்பர். இரவில் குளிரூட்டி ஓடும்போதோ தகடுகள் உறங்கும். இவ்விடைவெளியை நிரப்ப, 2016ஆம் ஆண்டில் நிகர மின்னளவீட்டுத் திட்டம் அறிமுகமானது. 2019 முதல், வீட்டிலிருந்து மின்கட்டமைப்புக்குச் சென்ற ஒவ்வோர் அலகுக்கும் ஈடாக ஓர் அலகு ரசீதில் கழிக்கப்பட்டது. 2021இல் தொடங்கிய அதன் மூன்றாம் கட்டத்தில் இச்சலுகைக்குப் பத்தாண்டு வரம்பு இருந்தது.

தீபகற்ப மலேசியாவில் 2014 முதல் 2025 ஜூன் வரை வீட்டு மின்கட்டணம் படிநிலையாக அமைந்திருந்தது. மாதத்தின் முதல் 200 அலகுகளுக்குத் தலா 21.8 சென், அடுத்த 100 அலகுகளுக்கு 33.4 சென், அடுத்த 300 அலகுகளுக்கு 51.6 சென், அதற்கடுத்த 300 அலகுகளுக்கு 54.6 சென். அதிகம் பயன்படுத்தியவர் கூடுதல் விலை கொடுத்தார்.

இக்கட்டணத்தின்படி இரு வீடுகளை ஒப்பிடலாம். இரண்டிலும் 4 கிலோவாட் அமைப்பு பொருத்தப்பட்டது எனவும் அதன் விலை 18,000 ரிங்கிட் எனவும் கொள்ளலாம். வரிகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

முதல் வீடு மாதம் 700 அலகு பயன்படுத்துகிறது. கட்டணம் 286.40 ரிங்கிட். தகடுகள் 400 அலகைக் குறைத்தபின் 300 அலகுக்கு மட்டும் 77 ரிங்கிட் செலுத்தினால் போதும். மாதச் சேமிப்பு 209.40 ரிங்கிட், ஆண்டுக்கு 2,512.80 ரிங்கிட். ஏறக்குறைய ஏழு ஆண்டுகளில் முதலீடு திரும்பிவிடும்.

இரண்டாம் வீடு மாதம் 300 அலகே பயன்படுத்துகிறது. அதன் முழுக் கட்டணமே 77 ரிங்கிட்தான். தகடுகளைப் பொருத்தியபின் குறைந்தபட்சக் கட்டணமாக 3 ரிங்கிட் செலுத்த வேண்டும். மாதச் சேமிப்பு 74 ரிங்கிட். ஆண்டுக்கு 888 ரிங்கிட். முதலீடு திரும்ப இருபது ஆண்டுகளுக்கு மேலாகும். சலுகையோ பத்தாண்டில் முடிந்துவிடும். அதன்பின், பகலில் வீட்டிலேயே பயன்படுத்தும் மின்சாரத்தால் மட்டுமே சேமிப்பு உண்டு.

இரண்டாம் வீட்டார் பாதி விலையில் 2 கிலோவாட் அமைப்பை வாங்கினால் என்ன? மாதம் 55.20 ரிங்கிட் மிச்சமாகும். அப்போதும் 9,000 ரிங்கிட் திரும்பப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேலாகும். உண்மையில், சிறிய அமைப்புக்கு ஒரு கிலோவாட்டுக்கான செலவு பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும்.

வெயில் இரு வீடுகளுக்கும் ஒன்றுதான், தகடுகளும் ஒன்றுதான். பின் ஏன் இவ்வேறுபாடு? தகடுகள் முதலில் குறைப்பது விலை மிகுந்த அலகுகளை. முதல் வீட்டில் மிச்சமான ஒவ்வோர் அலகும் 50 சென்னுக்கு மேல் மதிப்புடையது. இரண்டாம் வீட்டில் அத்தகைய அலகு ஒன்றுகூட இல்லை. சிக்கனமாக வாழும் குடும்பத்தைவிட மிகுதியாகச் செலவழிக்கும் குடும்பத்திற்கே தகடுகள் விரைவில் பலன் தருகின்றன.

கணக்கு இத்துடன் முடிவதில்லை. தகடுகள் 25 ஆண்டுகள் உழைக்கக்கூடும். ஆனால், அவற்றின் திறன் ஆண்டுதோறும் சிறிது குறையும். நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக மாற்றும் இன்வெர்ட்டரை இடையில் ஒருமுறையேனும் மாற்ற வேண்டியிருக்கலாம். பக்கத்து மரத்தின் நிழலும் விளைச்சலைக் குறைக்கும். அதே 18,000 ரிங்கிட்டை 3 விழுக்காட்டு வட்டிக்கு வங்கியில் வைத்தால் ஆண்டுக்கு 540 ரிங்கிட் கிடைக்கும் என்பதையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

விதிகளும் மாறுகின்றன. நிகர மின்னளவீட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டம் 2025 ஜூன் 30ஆம் நாள் முடிவடைந்தது. மறுநாளே புதிய கட்டண அமைப்பு நடைமுறைக்கு வந்தது. ஆகவே, அண்டைவீட்டார் முன்பு கண்ட இலாபத்தை இன்று வாங்குபவரும் காண்பார் என்று கூற முடியாது. அவரவர் ரசீதையும் நடப்பு விதிகளையும் கொண்டே கணக்கிட வேண்டும்.

பணம் மட்டுமே பயனன்று. மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியாலும் இயற்கை எரிவாயுவாலும் உற்பத்தியாகிறது. கூரையில் விளையும் ஒவ்வோர் அலகும் அவ்வளவு எரிபொருளை மிச்சப்படுத்துகிறது. அந்நன்மைக்காகவே தகடுகளை வாங்குவோரும் உளர். எனினும், ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பது பழமொழி. கூரையில் போடும் பணத்திற்கும் அது பொருந்தும்.

சிந்தித்து விடை எழுதுக

1. இரு வீடுகளின் சேமிப்பும் வேறுபடக் காரணம் என்ன?
2. இரண்டாம் வீட்டாருக்குப் பத்தாண்டு வரம்பு ஏன் பெரிய சிக்கலாகிறது?
3. குறைவாக மின்சாரம் பயன்படுத்தும் குடும்பங்களும் சூரிய ஆற்றலால் பயன்பெற அரசாங்கம் என்ன செய்யலாம்? உன் கருத்தைக் காரணத்துடன் விளக்குக.