மணம் நின்றால் காஸும் நின்றதா?

நம்பிக்கை: இரண்டு மடங்கு அத்தர் பூசினால் இரண்டு மடங்கு மணக்கும்.

உண்மை: காற்றில் மணத்துகள் இரட்டித்தாலும் மூளை உணரும் கடுமை இரட்டிப்பதில்லை. ஜும்ஆவுக்காக மணிக்கட்டில் அத்தர் தடவியவருக்கு, பள்ளிவாசலை அடையுமுன்பே தன் மணம் தெரியாமல் போகும். பக்கத்து ஸஃப்பில் நிற்பவருக்கோ நன்றாக வீசும். விடாமல் வரும் மணத்தை மூக்கின் நரம்புக் கலங்களும் மூளையும் சேர்ந்து மட்டுப்படுத்துவதே காரணம். "மணம் நிக்குதில்ல" என்று மறுபடி பூசினால் அடுத்தவருக்குத்தான் தலையிடி. அளவு கூடினால் குணமும் மாறலாம்: மல்லிகையில் உள்ள இந்தோல் சிறிதளவில் பூமணம், செறிந்தால் மலநாற்றம்.

மணம் எது, எவ்வளவு கடுமை என்பதை மூளை ஒரே கணக்கில் போடுவதில்லை. 2017இல் வெளியான அமெரிக்க டியூக் பல்கலைக்கழக ஆய்வில், எலி மூளையில் எந்தக் கலங்கள் விழிக்கின்றன என்பது மணத்தின் வகையைக் காட்டியது. அவை விழிக்கும் நேர ஒழுங்கு கடுமையைக் காட்டியது.

நம்பிக்கை: மனிதனுக்கு மூக்கு மந்தம்.

உண்மை: 19ஆம் நூற்றாண்டில் போல் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவரிடமிருந்து பரவிய தவறான எண்ணம் இது. நம் மூக்கில் சுமார் 400 வகை வாங்கிகள் உள்ளன. கருவாடு காயும் நிந்தவூர்க் கடற்கரை வாடியில் நிற்பவருக்கு நாற்றம் உறைக்காததும் பழக்கத்தால்தான், மூக்குக் கெட்டதால் அல்ல.

இதே பழக்கம் அடுப்படியில் ஆபத்தாகிவிடும். "வாசம் போயிட்டு, காஸ் ஒழுக்கும் நின்டிட்டு" என்பதை நம்பவே கூடாது. சமையல் காஸுக்கு எச்சரிக்கை நாற்றம் தருவது அதில் சேர்க்கும் எத்தில் மேர்கப்டன். 2021 இறுதியில் இலங்கையெங்கும் காஸ் வெடிப்புகள் நடந்தபோது, மேர்கப்டன் போதாத காஸுடன் வந்த கப்பலிலிருந்து அதை இறக்க அனுமதி மறுக்கப்பட்டது. நாற்றம் சரியாகவே இருந்தாலும், நெடுநேரம் அடுப்படியில் நிற்கும் உம்மாவின் மூக்கு அதற்குப் பழகிவிடும். கொவிட்டுக்குப் பின் முகரும் திறன் குறைந்தவர்களும் நம்மிடையே உண்டு. காற்றைவிடக் கனமான காஸோ தரையோடு தேங்கி நிற்கும்.

எனவே ஒருமுறை நாறினாலும் ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு, ஜன்னலைத் திறவுங்கள், சுவிட்சைத் தொடாதீர்கள். எல்லோரையும் வெளியே கூட்டிப் போங்கள். நாற்றம் தெரியவில்லை என்பதற்காக உள்ளே திரும்பி அடுப்பைப் பற்றவைக்காதீர்கள்.