மின்தடையும் வன்தட்டும்

பொருளைத் தேடுதலினும் தேடிய பொருளைக் காத்தல் அரிது. இவ்வுண்மையை ஒரு மாலைப்பொழுது எமக்கு உணர்த்திற்று.

இவ்விழாவின் பொருட்டுப் பழைய மாணவர் இல்லங்களிலிருந்து புகைப்படங்களை இரவல் பெற்று, உயர்வகுப்பு மாணவர் கணினியிற் பதிந்து வந்தனர். படத்தில் நிற்போர் பெயரையே கோப்பின் பெயராக இட்டு, யாவற்றையும் ஒரு வெளிவன்தட்டிற் சேர்த்தோம். வேறு பிரதி எடுப்பிக்காமை என் தவறு. ஒருநாள் கோப்புக்கள் எழுதப்படும் வேளையில் மின்சாரம் நின்றது. மீண்டும் இணைத்தபோது, "இத்தட்டைப் பயன்படுத்துமுன் வடிவமைக்க வேண்டும், வடிவமைக்கலாமா?" எனக் கணினி வினவிற்று. மாணவனொருவன் விரல் "ஆம்" என்பதை நோக்கிச் சென்றது. "பொறு தம்பி" என்று தடுத்தேன். அத்தடையே படங்களைக் காத்தது. அதன் காரணத்தை ஈண்டு விளக்குவாம்.

வன்தட்டினுள்ளே கண்ணாடிபோற் பளபளக்கும் வட்டத்தட்டுக்கள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. எழுதிப் படிக்கும் முனை அவற்றைத் தொடாது, சில நனோமீற்றர் உயரத்தில் மிதக்கின்றது. மின்சாரம் நின்றால், சுழற்சியின் எஞ்சிய விசையைக்கொண்டு அம்முனை பெரும்பாலும் தன் இருப்பிடத்தை அடைந்துவிடும். ஆயின் தற்காலிக நினைவகத்தில் எழுதக் காத்திருந்தவை அழியும். கோப்புக்களின் இடங்காட்டும் அட்டவணை அரைகுறையாய் நிற்கும்.

நூல்நிலையமொன்றின் நூற்பட்டியல் கிழிந்துபோனாலும் புத்தகங்கள் அலுமாரியிலேயே இருக்குமன்றோ? இதுவும் அத்தகையதே. வடிவமைக்கலாமா என்னும் வினா, பட்டியலைப் படிக்க முடியவில்லை என்பதையே குறிக்கும். உடன்பட்டால் விரைவு முறையில் வெற்றுப்பட்டியல் எழுதப்படும்; முழுமுறையிலோ புத்தகங்களும் அழியக்கூடும்.

ஆதலின் செய்யவேண்டியவை வருமாறு:

முதலாவது, அத்தட்டில் எதனையும் எழுதற்க. பிழைதிருத்துங் கட்டளையும் அதில் எழுதுமாதலின் அதனையும் தவிர்க்க.

இரண்டாவது, இணைப்புவடத்தையும் துளையையும் மாற்றிப் பார்க்க. தனி மின்வழங்கி உடையதாயின் அதனையும் சோதிக்க. பழுது சிலவேளை அவற்றோடு முடிந்துவிடும்.

மூன்றாவது, செவிகொடுத்துக் கேட்க. "டிக், டிக்" என்றோ உராய்வதுபோலவோ ஒலித்தால் உடனே நிறுத்துக. ஒவ்வொரு சுழற்சியும் தட்டைக் கீறக்கூடும். மூடியைத் திறத்தல் ஆகாது; அது தூசற்ற அறையில் வல்லுநர் செய்யும் வேலை.

நான்காவது, ஒலி இயல்பாயின், அதே அளவோ கூடியதோ ஆன வேறொரு தட்டில் முழுப்பிரதி எடுக்க. "டிடிரெஸ்கியூ" என்னும் இலவச மென்பொருள் எளிதிற் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்து, பழுதுற்ற பகுதிகளுக்குப் பின்னர் மீளும்.

ஐந்தாவது, பிரதியிலேயே வேலை செய்க. "டெஸ்ட்டிஸ்க்" பிரிவுகளையும் பட்டியலையும் சீர்செய்ய முயலும். அது இயலாதாயின் "ஃபோட்டோரெக்" பட்டியலை நாடாது, கோப்பின் தொடக்கக் குறிகளைக்கொண்டு படங்களைக் கண்டெடுக்கும். கண்டெடுத்தவற்றை வேறொரு தட்டிலேயே சேர்க்க.

எமது தட்டின் பட்டியல் சீர்படவில்லை. ஐந்தாம் படியின் இறுதி வழியாற் படங்கள் பெரும்பாலும் மீண்டன, பெயர்கள் மீளவில்லை. பெயர் பட்டியலுக்குரியது, பட்டியலோ அழிந்தது. அப்பெயர்களைச் சொல்லித்தந்த முதியோருள் இருவர் இன்று நம்மிடையே இல்லை.

2022ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டைக் கண்ட நமக்கு மின்தடை புதிதன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது, அங்கு மாத்திரம் இருந்த ஏடுகள் என்றென்றைக்கும் மறைந்தன. ஓரிடத்தில் மாத்திரம் இருப்பது காக்கப்பட்டதன்று. அரிய கோப்புக்களுக்கு மூன்று பிரதிகள் வேண்டும். அவை இருவகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று வேறூரில் இருத்தல் வேண்டும். இன்று எமது படங்கள் அவ்வாறே வைக்கப்பட்டுள்ளன.

பழைய மாணவர்காள்! பெயரற்ற படங்கள் விழா நாட்களிற் கல்லூரி மண்டபத்தில் வைக்கப்படும். ஒவ்வொன்றின் கீழும் வெற்றுத்தாள் இருக்கும். பின்வரிசையில் நின்ற தோழனின் பெயரை அறிவீராயின் அன்புகூர்ந்து எழுதுக. அப்பட்டியலின் எஞ்சிய பிரதி உங்கள் நினைவு ஒன்றே.