முக்கொம்பு டேட்டாவைக் கையில் எடுக்கும் தங்கைக்கு

புராஜெக்டுக்கு முக்கொம்பு நீர்வரத்தை எடுத்திருக்கிறாய். ரொம்ப சந்தோஷம். திருச்சியில் படிக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல பொருள் அமைவது கஷ்டம். ரெக்ரஷன் எப்போது போடலாம் என்று கேட்கிறாயே, அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. உன் டேபிளில் இருக்கிற ஒவ்வொரு எண்ணும் எதை, எந்த இடத்தில், எந்த நேரத்தில் அளந்தது என்று முதலில் உனக்குத் தெரிய வேண்டும்.

இடத்திலிருந்தே தொடங்கு. முக்கொம்பு மேலணையில் ஆறு இரண்டாகப் பிரிகிறது: தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவில் ஸ்ரீரங்கம். 'முக்கொம்பு நீரளவு' என்று மட்டும் தலைப்புப் போட்டால், அணைக்கு வந்த தண்ணீரா, காவிரியில் விட்டதா, கொள்ளிடத்தில் விட்டதா என்று எப்படித் தெரியும்? மூன்றுக்கும் தனித்தனி நெடுவரிசை வை. தலைப்பிலேயே அலகையும் எழுது. வினாடிக்கு இத்தனை கன அடி என்பது பாய்கிற வீதம்; டி.எம்.சி. என்பது சேர்ந்த அளவு. இரண்டையும் ஒரே நெடுவரிசையில் கலந்து வைத்த ரிப்போர்ட்டுகளைப் பார்த்திருக்கிறேன், மனசு வலிக்கும். வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 1 டி.எம்.சி. இதை நோட்டில் எழுதி வைத்துக்கொள். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவே 93.47 டி.எம்.சி.தான். சாதாரண மாதம் ஒன்றில் உன் கூட்டுத்தொகை 900 டி.எம்.சி. என்று வந்தால், எங்கோ ஒரு சைபர் கூடிவிட்டது.

நேரத்தையும் விடாதே. பேப்பரில் வருவது பெரும்பாலும் அன்று காலை நிலவரம். அரசு அட்டவணையில் இருப்பது அந்த நாளின் சராசரியாக இருக்கலாம். இரண்டிலிருந்தும் எடுத்திருந்தால், எது எதிலிருந்து வந்தது என்று பக்கத்தில் ஒரு நெடுவரிசையில் குறித்து வை. மழை அளவும் சேர்க்கிறாய் என்றால் ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: வானிலைத் துறைக்கு ஒரு நாள் என்பது காலை 8.30 மணியிலிருந்து மறுநாள் 8.30 வரை. 15ஆம் தேதி மழை என்று பதிவாகியிருப்பதில் பெரும்பகுதி 14ஆம் தேதி பெய்ததுதான்.

தேதியை எக்செல் கெடுக்கும் விதம் தனி. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அதை 12-06-2018 என்று அடித்தால், அமெரிக்க முறையில் செட் செய்த கம்ப்யூட்டர் டிசம்பர் 6 என்று எடுத்துக்கொள்ளும். 13ஆம் தேதியை மாதமாக்க முடியாததால் அதை வெறும் எழுத்தாக விட்டுவிடும். தேதியை எப்போதும் 2018-06-12 என்று வருஷத்தை முன்னால் வைத்து எழுது. பிறகு வரிசைகளை எண்ணு. 2011 ஜூன் 1 முதல் 2021 மே 31 வரை என்றால் 3,653 நாள் இருக்க வேண்டும். 3,650தான் இருந்தால் பிப்ரவரி 29கள் காணாமல் போயிருக்கின்றன.

காவிரிக் கணக்கில் நீர் ஆண்டு ஜூன் 1ல் தொடங்கும். அதையே நீயும் எடுக்கலாம், நல்லதுதான். ஆனால் 2022ல் மேட்டூரை மே 24லேயே திறந்தார்கள். அந்த முதல் வாரத்துத் தண்ணீர் உன் கணக்கில் முந்தைய ஆண்டில் போய் உட்காரும். மாற்ற வேண்டாம், அட்டவணைக்குக் கீழே ஒரு வரி எழுதிவிடு.

மேட்டூர் திறப்பையும் முக்கொம்பு வரத்தையும் ஒரே தேதியில் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிடாதே. அங்கே திறந்த தண்ணீர் இங்கே வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆகும். மணல் காய்ந்து கிடந்தால் இன்னும் தாமதம். நடுவில் பவானி, நொய்யல், அமராவதி வந்து சேருகின்றன. மாயனூரில் வாய்க்கால்களுக்குப் பிரிகிறது. ஆகவே ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள் தள்ளிப் பார்த்த நெடுவரிசைகளைத் தனியாக உருவாக்கு. மூலப் பதிவைத் தொடாதே. அது ஒரு ஷீட்டில் அப்படியே பூட்டிக் கிடக்கட்டும்; வேலையெல்லாம் அதன் நகலில் செய்.

இப்போது நான் ரொம்பக் கவலைப்படுகிற விஷயம். தண்ணீர் விடாத நாளும் பதிவு இல்லாத நாளும் ஒன்றல்ல. கொள்ளிடம் வெள்ளத்தைக் கொண்டுபோகிற ஆறு. அங்கே 0 என்பது உண்மையான அளவு. பதிவு கிடைக்காத நாளைக் காலியாக விடு, 0 போட்டு நிரப்பாதே. நிரப்பினால் உன் சராசரி பொய் சொல்லும். சரியாக வைத்திருந்தாலும் கொள்ளிடத்துக்குச் சராசரி மட்டும் போதாது. சில வெள்ள நாட்களே அதைத் தூக்கிவிடும். இடைநிலை அளவு, மிகக் குறைந்தது, மிக அதிகம், 0 நாட்களின் எண்ணிக்கை எல்லாவற்றையும் சேர்த்துக் கொடு.

2018 ஆகஸ்ட் மாத எண்கள் பெரும்பாலான மாதங்களைவிட மிகப் பெரிதாக நிற்கும். பிழை என்று நினைத்து அழித்துவிடாதே. ஆகஸ்ட் 22 இரவில் கொள்ளிடத்துப் பழைய அணையில் மதகுகள் உடைந்தன. 45 ஷட்டர்களில் கடைசியில் 9 போயின. ஆர்தர் காட்டன் 1836ல் கட்டிய அணை அது. அந்த நாட்கள் இல்லாமல் முக்கொம்பைப் பற்றி என்ன எழுதுவாய்? அவற்றோடு ஒரு முறை, அவை இல்லாமல் ஒரு முறை கணக்கிட்டு இரண்டு முடிவையும் காட்டு. உடைந்த பிறகு தற்காலிகத் தடுப்பு, அப்புறம் புதிய கதவணை என்று அளக்கிற இடத்தின் அமைப்பே மாறியிருக்கிறது. அதனால் 2018 ஆகஸ்டுக்கு முன், பின் என்று பிரித்துக் காட்ட ஒரு நெடுவரிசை வேண்டும். பழைய காலத்துக்குப் போகிறாய் என்றால் 1934ம் அப்படித்தான். மேட்டூர் அணைக்கு முந்தைய காவிரி வேறு ஆறு.

விவசாயிகளிடமோ மதகைப் பார்க்கும் லஸ்கரிடமோ பேசினால் அவர்கள் பெயரை டேபிளில் ஏற்றாதே, எண் கொடு.

டேட்டா பகுதியைக் கணக்குப் போடுவதற்கு முன்பே எழுது. எங்கிருந்து எடுத்தாய், எந்தத் தேதியில் இறக்கினாய், எந்தக் காலம், எத்தனை நாள், அதில் எத்தனை நாள் பதிவில்லை, எதை விட்டாய், ஏன் விட்டாய், என்ன மாற்றினாய். ஒன்றரைப் பக்கம் போதும். முதல் அட்டவணையோடு அதைக் கைடிடம் காட்டிவிட்டு எனக்கும் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்க்கிறேன்.